முடிகிற கேமா, முடியாத கேமா? சின்னப் பிள்ளைகளுக்குப் போன் கொடுக்கும் முன்

நீங்கள் நேரடியாகக் கேட்டவை இரண்டு. 5 வயது மகனுக்கும் 3 வயது மகளுக்கும் எந்த கேம்களைப் போனில் வைக்கலாம், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் விடலாம். ஆனால் கேள்வியின் நடுவில் வேறு சிலவும் எழுதியிருக்கிறீர்கள். போனை வாங்கினால் மகன் தரையில் புரண்டு அழுகிறான். வீடியோ ஓடாமல் மகள் வாயைத் திறப்பதில்லை. நீங்களும் கணவரும் வேலைக்குப் போய்விடுவதால் பகலெல்லாம் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார், அவரிடம் எதையும் சொல்ல முடியவில்லை. இதையெல்லாம் சேர்த்துப் படித்தபோது எனக்குப் புரிந்த கேள்வி, சண்டையில்லாமல் போனைத் திரும்ப வாங்குவது எப்படி, இதுவரை கொடுத்ததால் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்பதுதான். அதற்குப் பதில் எழுதுகிறேன். கேம் பெயர்களும் நிமிடக் கணக்கும் அதற்குள் வந்துவிடும்.

நான் குழந்தைநல மருத்துவர். பேச்சு தாமதம், கவனம் நிற்காமை, தூக்கப் பிரச்சினை என்று வரும் பிள்ளைகளைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். என்ன குறைக்காக வந்தாலும் இப்போது பெற்றோர் பேச்சு போனில் வந்து நிற்கிறது. பிள்ளையை நேரில் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாதவை சில உண்டு. அவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நிமிடக் கணக்கை முடித்துவிடலாம். இந்தியக் குழந்தைநல மருத்துவர் அமைப்பான ஐ.ஏ.பி. சொல்வது இது: 2 வயது வரை திரையே வேண்டாம், தூரத்தில் இருக்கும் உறவினரோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவதற்கு மட்டும் விலக்கு. 2 முதல் 5 வயது வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுவும் ஒரே மூச்சில் 20, 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 5 முதல் 10 வரை 2 மணி நேரத்துக்குள். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் 2 முதல் 4 வயதுக்கு ஒரு மணி நேரம்தான் உச்சம், குறைந்தால் நல்லது என்றது. டிவியும் இந்தக் கணக்கில் சேரும். போன் அரை மணி, சீரியல் ஓடும் அறையில் இரண்டு மணி என்றால் கணக்கு இரண்டரை மணி.

இந்த ஒரு மணி நேரம், ரத்தத்தில் சர்க்கரையை அளப்பது போல அளந்து கண்டுபிடித்த எல்லை கிடையாது. 59 நிமிடம் வரை பாதுகாப்பு, 61ஆவது நிமிடத்தில் ஆபத்து என்று எந்த ஆய்வும் காட்டவில்லை. நிபுணர்கள் கூடி, கையில் இருக்கும் சான்றுகளைப் பார்த்து, ஒரு வீடு கடைப்பிடிக்கக்கூடிய அளவாக வைத்த எண் அது. திரை நேரம் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை இரண்டு விஷயங்கள் சேர்ந்து நிகழ்வதை மட்டுமே காட்டுபவை. அதிகம் போன் பார்க்கும் பிள்ளைகளுக்குப் பேச்சு குறைவு என்று வந்தால், போனால் பேச்சு குறைந்ததா, பேச்சு குறைவான பிள்ளையைச் சமாளிக்க வீட்டில் போன் கொடுத்தார்களா, அல்லது பெரியவர்களுக்கு நேரமே இல்லாத வீடா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆகவே ஒரு நாள் ஒன்றேகால் மணி ஆகிவிட்டதே என்று நீங்கள் குற்ற உணர்ச்சியில் தவிக்க வேண்டாம்.

உறுதியாகச் சொல்லக்கூடியவையும் உண்டு. மிகச் சின்னக் குழந்தைகள் மனிதரிடமிருந்து கற்கும் அளவுக்குத் திரையிலிருந்து கற்பதில்லை. 2003இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரிசியா கூல் குழுவினர், ஆங்கிலம் பேசும் அமெரிக்க வீடுகளின் 9 மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்களை உட்கார வைத்து விளையாடச் செய்தார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள் பேசியதை டிவியில் மட்டும் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. 3 வயதை ஒட்டி இந்த இடைவெளி குறைய ஆரம்பிக்கிறது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் இன்னும் குறைகிறது. உங்கள் மகள் அந்த விளிம்பில் இருக்கிறாள்.

இரண்டாவது, போன் எதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது. தூக்கம், வெளியில் ஓடுவது, பேச்சு, சாப்பாடு, இந்த நான்கில் எது குறைந்தாலும் அதன் விளைவு கண்கூடாகத் தெரியும். 3, 4 வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். கண்ணைப் பற்றியும் பலர் கேட்பார்கள். சீனாவின் குவாங்சௌ நகரப் பள்ளிகளில் 6, 7 வயதுப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விட்டுப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. மூன்று வருடத்தில், வழக்கம் போல இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்தது. வெளியில் விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். அதனால்தான் போனில் எத்தனை நிமிடம் என்று கேட்கும் பெற்றோரிடம், சாயங்காலம் பிள்ளை தெருவில் எவ்வளவு நேரம் நின்றது என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

இனி கேம். என் அனுபவத்தில், ஒரு கேமைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அது தானாக முடிகிறதா என்பது. இதை யாரும் பெற்றோருக்குச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் மகன் விளையாடுவதாகச் சொன்னது சப்வே சர்ஃபர்ஸ். டெம்பிள் ரன்னும் அதே வகை. ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், எல்லைக் கோடு என்று ஒன்று கிடையாது. தடுக்கி விழும்போதுதான் ஆட்டம் நிற்கும். அந்த நொடியில் திரையைப் பாருங்கள். மறுபடி அதே இடத்திலிருந்து ஓட ஒரு வழி காட்டுவார்கள், அதற்கு ஒரு சின்ன நேரக் கணக்கும் ஓடும். சாவி இருந்தால் சாவி, இல்லையென்றால் ஒரு விளம்பரம் பார்த்தால் போதும். அதையும் விட்டுவிட்டால் சேர்த்த காயின், திறக்கக் காத்திருக்கும் பெட்டி, புது வேஷம் என்று அடுத்தடுத்து வரும், பெருவிரல் நிற்பதற்குள் அடுத்த ஓட்டம் தொடங்கிவிடும். இதில் நீங்கள் எந்த நிமிடத்தில் போனை வாங்கினாலும் பிள்ளைக்கு அது நடுவில்தான். 5 வயது மூளையில் தன்னை நிறுத்திக்கொள்ளும் திறமை இப்போதுதான் முளைக்கிறது. பெரியவர்களையே நிறுத்த விடாமல் கட்டிய ஒன்றை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவன் பிடிவாதம் பிடிக்கிறான் என்று சொல்வது அவனுக்கு அநியாயம்.

முடிகிற கேம் என்றால், எட்டுத் துண்டுகளைச் சேர்த்தால் யானை வந்துவிடும், ஒரு படத்துக்கு வண்ணம் அடித்தால் படம் தயார், ஒரு கதை கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டது, இப்படி. முடிந்ததும் பிள்ளை தானாகத் தலையைத் தூக்கும். உங்களைப் பார்க்கும். போனை வாங்க வேண்டிய நொடி அது.

அடுத்து, கேம் பிள்ளைக்காகக் காத்திருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை யோசிக்கும்போது திரை அமைதியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தொடுதலுக்கும் பட்டாசு வெடித்து, நட்சத்திரம் கொட்டி, கைதட்டும் ஆப்களில் பிள்ளை எதையும் யோசிப்பதில்லை, வெறுமனே தட்டுகிறது. ஏபிசிடி என்று மேலே எழுதியிருப்பதால் மட்டும் அது கல்வி ஆகிவிடாது. அப்படி எழுதிக்கொள்ள யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை.

விளம்பரத்தைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பயன்படுத்தும் 135 ஆப்களை எடுத்துப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு வகை விளம்பரம் இருந்தது. மூடும் பெருக்கல் குறி சில நொடி கழித்து, ஒரு மூலையில், பெரியவர் விரலுக்கே எட்டாத அளவில் வரும். சின்ன விரல் அதைத் தொடப் போய் விளம்பரத்தையே தொட்டுவிடும், அடுத்த நொடி ஆப் கடைக்குள் நிற்கும். எது விளையாட்டு, எது விற்பனை என்று பிரித்தறிய 3 வயதுக்கு முடியாது, 5 வயதுக்கும் கடினம். காசு விஷயத்திலும் இதே கதைதான். ஃபோர்ட்நைட் கேமை நடத்தும் எபிக் கேம்ஸ், விளையாடுபவர்களை ஏமாற்றி வாங்க வைத்த புகாரில் 24.5 கோடி டாலர் திருப்பித் தர 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது. பெற்றோர் அனுமதி இல்லாமல் பிள்ளைகள் ஒரு பொத்தானைத் தொட்டே பணம் போன சம்பவங்கள் அதில் அடக்கம். ஆகவே உங்கள் போனில் ஆப் கடையின் அமைப்புகளுக்குப் போய், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கைரேகையோ கடவுச்சொல்லோ கேட்கும்படி இன்றே வைத்துவிடுங்கள். யு.பி.ஐ. பின் நம்பரைப் பிள்ளை பார்க்கும்படி அழுத்தாதீர்கள். 5 வயதுப் பிள்ளைகள் நான்கு எண்களை எளிதாக மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

ஆப் பக்கத்தில் 3+ என்று போட்டிருப்பதைப் பல பெற்றோர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண், ரத்தம், பயமுறுத்தல், கெட்ட வார்த்தை, சூதாட்டம் இவை உள்ளே இல்லை என்பதற்கு மட்டும்தான். 3 வயதுக்காகச் செய்யப்பட்டது என்று பொருள் கிடையாது. செஸ் கேமுக்கும் 3+ போடலாம். 7+, 12+ என்று இருந்தால் அதை மதியுங்கள். 3+ என்று இருந்தால் அதற்குப் பிறகுதான் உங்கள் வேலை தொடங்குகிறது. நீங்களே கால் மணி நேரம் உட்கார்ந்து விளையாடிப் பாருங்கள். அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. அதில் ஒரு பகுதியாக போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். நெட் இல்லாமல் ஓடும் கேம் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. பெரும்பாலான விளம்பரங்களும் அப்போது வராது.

பெயர் கேட்டீர்கள். கான் அகாடமி கிட்ஸ் 2 முதல் 8 வயதுக்கானது, முழுக்க இலவசம், விளம்பரம் இல்லை. ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். 5 வயது மகனுக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர் கொடுத்துப் பாருங்கள். படக் கட்டைகளை அடுக்கிப் பூனையை நடக்க வைப்பது, பேச வைப்பது. 5 முதல் 7 வயதுக்கென்று செய்தது, இதுவும் இலவசம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியதும் கூகுளின் ரீட் அலாங் உதவும், அதில் தமிழ்க் கதைகள் உண்டு, பிள்ளை சத்தமாகப் படிக்கக் காதுகொடுத்துக் கேட்கும். மைன்கிராஃப்ட் அருமையான விளையாட்டு, ஆனால் இன்னும் இரண்டு வருடம் போகட்டும். அப்போதும் தோற்கும் பயமில்லாமல் கட்டி விளையாடும் கிரியேட்டிவ் முறையில், தனியாக, வெளியாட்கள் சேர முடியாதபடி வையுங்கள். ராப்லாக்ஸ் இப்போது வேண்டாம். அது ஒரே கேம் கிடையாது, யார் யாரோ செய்து போட்ட லட்சக்கணக்கான கேம்களின் சந்தை. ஒன்றைப் பார்த்து மற்றதை முடிவு செய்ய முடியாது. பக்கத்து வீட்டு அண்ணன்கள் விளையாடும் ஃப்ரீ ஃபயர், பி.ஜி.எம்.ஐ. போன்ற துப்பாக்கிச் சண்டை கேம்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லவே தேவையில்லை. 3 வயது மகளுக்கு என்று தனியாக எந்த கேமும் நான் சொல்ல மாட்டேன். அண்ணன் விளையாடும்போது மடியில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

சரி, அழுகைக்கு வருவோம். இன்னும் இரண்டு நிமிஷம்தான் என்று முன்கூட்டியே எச்சரியுங்கள் என்று எல்லா இடத்திலும் எழுதுவார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1 முதல் 5 வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் நடத்திய ஆய்வு ஒன்று 2016இல் வந்தது. அதில் இந்த இரண்டு நிமிட எச்சரிக்கை அழுகையைக் கூட்டியது. தினமும் ஒரே வரிசையில் நடக்கும் வீடுகளிலும், வீடியோவோ கேமோ தானாக ஒரு முடிவுக்கு வந்த இடங்களிலும் பிள்ளைகள் எளிதாக விட்டுவிட்டார்கள். சின்ன ஆய்வுதான், அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனாலும் நான் நேரில் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது. கடிகாரத்தை 4 வயது நம்பாது. குளித்துவிட்டு வந்ததும் போன், கேமில் பூனை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் அலமாரிக்கு, பிறகு பால், பிறகு தெரு, என்ற வரிசையை நம்பும்.

ஆகவே மகன் தூங்கும்போது அந்த ஓட்ட கேமை எடுத்துவிடுங்கள். காலையில் அவனிடம் நேராகச் சொல்லுங்கள், தொலைந்துவிட்டது என்று பொய் வேண்டாம். "அந்த கேம் நிக்கவே விடமாட்டேங்குது, அதனால அம்மா எடுத்துட்டேன். சாயங்காலம் வேற ஒண்ணு இருக்கு, அம்மாவும் கூட உக்காருவேன்" என்று சொன்னால் போதும். முதல் சில நாட்கள் அழுகை இப்போது இருப்பதைவிட அதிகமாகும். இது நிச்சயம் நடக்கும், தயாராக இருங்கள். அந்த நாட்களில் ஒரே ஒரு முறை, பத்து நிமிடம் கத்திய பிறகு இரக்கப்பட்டுக் கொடுத்தால், பத்து நிமிடம் கத்தினால் கிடைக்கும் என்றுதான் அவன் கற்றுக்கொள்வான். கொடுப்பதென்றால் அழுவதற்கு முன்பே கொடுங்கள். அழுதபின் கொடுக்காதீர்கள். பக்கத்தில் இருங்கள், திட்ட வேண்டாம், அடிக்கவே வேண்டாம்.

ஃபேமிலி லிங்க் போன்ற கட்டுப்பாட்டு ஆப்களும், ஐபோனில் உள்ள ஸ்க்ரீன் டைம் வசதியும் உதவும். ஆனால் மாமியாரின் போனைத்தான் பிள்ளைகள் எடுக்கிறார்கள் என்றால் அதில் குழந்தைக் கணக்கு போடுவது நடைமுறையில் தொல்லை. பழைய போன் ஒன்று வீட்டில் இருந்தால் சிம் எடுத்துவிட்டு, யூடியூப் போன்றவற்றை முடக்கிவிட்டு, இரண்டு ஆப் மட்டும் வைத்துக் கொடுங்கள். பூட்டு முழுப் பாதுகாப்பு தராது. எந்தப் பூட்டையும் பிள்ளைகள் ஒரு நாள் திறந்துவிடுவார்கள்.

மகளின் சாப்பாடுதான் உங்கள் கேள்வியில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. கேம் நேரத்தை ஒரு மாதம் கழித்துக்கூடச் சரிசெய்யலாம், இதை இந்த வாரமே தொடங்குங்கள். திரையைப் பார்த்தபடி வாய் திறக்கும் பிள்ளைக்குப் பசியும் தெரிவதில்லை, வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை. மெல்லாமல் கன்னத்தில் அடக்கி வைக்கும். மூன்று வேளையையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எல்லோரும் வீட்டில் இருக்கும் ஒரு வேளையை எடுங்கள், அநேகமாக இரவு. அவளையும் உங்களோடு தரையில் உட்கார வைத்து, இட்லியைத் துண்டாக்கித் தட்டில் வைத்துவிட்டு, நீங்கள் சாப்பிடுங்கள். சிந்தட்டும். 20, 30 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், மிச்சத்தை ஊட்ட வேண்டாம். நடுவில் பால், பிஸ்கெட் கொடுத்துப் பசியைக் கெடுக்காதீர்கள். சில நாட்கள் குறைவாகத்தான் சாப்பிடுவாள். நல்ல எடையில் உள்ள பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. எடை ஏற்கெனவே குறைவு என்றால் மட்டும், இதைத் தொடங்கும் முன் உங்கள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மாமியாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓடும் இரண்டு பிள்ளைகளின் பின்னால் முழங்கால் வலியோடு நாள் முழுக்க நிற்பவர் அவர். போன் கொடுக்காதீர்கள் என்று சொன்னால், அந்த நேரத்துக்கு வேறென்ன செய்ய என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் சமைக்கும் அரை மணியோ, மதியம் சாயும் நேரமோ, எது அவருக்கு மிகக் கடினம் என்று கேளுங்கள். போன் நேரத்தை அங்கேயே வைத்துவிடுங்கள். மற்ற நேரத்துக்குத் தாயமும் பல்லாங்குழியும் அவருக்கே தெரிந்திருக்கும். காய்கள் தீர்ந்தால் ஆட்டம் முடியும், முறை மாறி மாறி ஆட வேண்டும், எண்ணத் தெரிய வேண்டும். 5 வயதுக்கு இதற்கு ஈடான ஆப் நான் பார்த்ததில்லை. 3 வயது மகள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் புளியங்கொட்டை, சோழி வேண்டாம், வாயில் போட்டு மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். அவளுக்குப் பெரிய கட்டைகளும் கிண்ணங்களும் போதும்.

ஏதாவது ஆகிவிட்டதா என்ற பயத்துக்கு வருகிறேன். போன் பார்த்தால் ஆட்டிசம் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. திரை ஆட்டிசத்தை உண்டாக்கும் என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை. இதை நம்புவதால் வரும் பெரிய கெடுதல், போனை நிறுத்தினால் எல்லாம் சரியாகும் என்று ஒரு வருடம் காத்திருந்துவிடுவது. கேம் அடிமை என்ற சொல்லையும் உங்கள் மகனுக்குப் பயன்படுத்த வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு என்று ஒன்று 2022 முதல் நடைமுறையில் உண்டு. ஆனால் அதற்குக் கட்டுப்பாடு இழப்பும் வாழ்க்கையே பாதிக்கப்படுவதும் வழக்கமாக 12 மாதம் தொடர வேண்டும். போனை வாங்கினால் அழும் 5 வயதுப் பையன் அதில் வரமாட்டான்.

நேரில் காட்ட வேண்டியவை இவை: 3 வயது மகள் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டுவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, முன்பு பேசிய சொற்கள் போய்விட்டன. இவற்றில் ஒன்று இருந்தாலும் போனை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள், அதோடு வளர்ச்சியையும் சோதிப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் டி.இ.ஐ.சி. (பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டறிந்து உதவும் மையம்) எங்கே என்று கேட்டால் சொல்வார்கள், இலவசம். போகும்போது தடுப்பூசி அட்டையையும், வீட்டில் அவள் சாதாரணமாக விளையாடுவதை இரண்டு நிமிடம் எடுத்த வீடியோவையும் கொண்டுபோங்கள். பல பிள்ளைகள் மருத்துவமனையில் வாயே திறக்க மாட்டார்கள்.